பழஞ்சோறும் அறமும்

எளிமையாய்ச் சமைத்தல் வேண்டும், காலத்துக்கு ஏற்ற மரக்கறியை உண்ணல் வேண்டும், மீந்ததை எறிதலாகாது என்பன நம்மவர்க்குப் புதிய உபதேசங்கள் அல்ல. பாட்டிமார் சொன்னார்கள், பாடநூல்கள் சொல்கின்றன, நாட்டிற் பஞ்சம் தலைகாட்டும்போதெல்லாம் ஆட்சியாளரும் சொல்கின்றனர். ஆசிரியத் தொழில் புரியும் நாமும் வகுப்பறையில் இதனைப் பலகாலும் சொல்லியிருக்கின்றோம். நல்ல உபதேசந்தான். ஆயினும் ஓர் உபதேசத்தை ஆராயப் புகுமிடத்து, அது சுட்டும் செயல் நல்லதா என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. சொல்பவர் யார், கேட்பவர் யார், அதன்படி ஒழுகுவதால் வரும் குறைவு எவர் தலையில் விழுகின்றது என்பவற்றையும் கேட்டல் வேண்டும். அடுக்களைப் பானையில் மீந்து கிடக்கும் ஒரு பிடி சோற்றைப் பற்றியும் இக்கேள்விகளைக் கேட்கலாம் என்பதே நமது கருத்து.

முதலில் அச்செயலின் நன்மையை வஞ்சகமின்றிக் கூறிவிடுவோம்.

யாழ்ப்பாணத்து அடுக்களையிற் பன்னிரண்டு மாதமும் ஒரே கறி ஆக்கப்படுவதில்லை. மாரி பெய்து வேலிகள் தளிர்க்குங் காலத்தில் முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, சாரணை முதலிய இலைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிரட்டி எடுத்தால் ஒரு வறை ஆயிற்று. தை மாசியில் தோட்டத்துக் கத்தரியும் பூசணியும் பயற்றங்காயும் மலிகின்றன. பனங்கிழங்கு கிண்டப்படுவதும் அப்போதுதான். அவிக்காமற் பிளந்து காயவிட்டது ஒடியலாகி, வருங் காலத்துக் கூழுக்கென்று சேமிக்கப்படுகின்றது. வேம்பு பூத்துச் சொரியும்போது அப்பூவை உழுத்தம்மாவுடன் சேர்த்து வடகமாக்கி வெயிலில் உலர்த்துகின்றார்கள். வைகாசி ஆனியில் மாவும் பலாவும். பலாச்சுளை தின்றபின் கொட்டையும் கறியாகின்றது. சிங்களக் கிராமங்களில் அக்கொட்டையை மணலிற் புதைத்து வைத்து மாதக்கணக்கிற் பயன்படுத்துவர். ஆவணி புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் களி பாயில் வார்த்துக் காயவைக்கப்பட்டுப் பனாட்டாகின்றது. ஒரு காலத்தின் மிகுதி மற்றொரு காலத்தின் குறைவை நிரப்புமாறு இந்த ஒழுங்கு அமைந்திருக்கின்றது. மலிந்த காலத்தில் வாங்குவதால் விலை குறைவு. தூர இடத்திலிருந்து ஏற்றி வருவதும் குளிரூட்டிக் காப்பதும் இல்லாமையால் வீணாவதும் குறைவு.

மீந்த உணவின் கதையும் இத்தகையதே. வாழைக்காயின் சதை பாற்கறிக்குப் போகத் தோலை மெல்லென அரிந்து அவித்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்தாற் சம்பல். பொத்தி வறையாகும். இரவு மீந்த முருங்கைக்காய்க் குழம்பைக் காலையில் மெல்லிய நெருப்பிற் சுண்டவிட்டால், புட்டுக்கு அதனிலும் மேலான துணை இல்லை என்போர் பலர். மீந்த புட்டை வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துப் பிரட்டினால் மறுநாட் சிற்றுண்டி. சோறு மீந்தால், அது நன்றாக ஆறியபின் மண்சட்டியில் இட்டு நீர் வார்த்து மூடி வைப்பார்கள். விடிவதற்குள் நுண்ணுயிர்கள் அதனை மெல்லப் புளிக்கச் செய்துவிடும். காலையிற் பிழிந்து, உப்பும் அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் மோரும் சேர்த்தால் வயலுக்குப் போகிறவன் மத்தியானம் வரை தாங்குவான். நீர் வார்க்காது, ஆறியும் ஆறாமலும் நெடுநேரம் வெறுமனே கிடந்த சோறு அவ்வாறன்று. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகின்றது. மரவள்ளிக் கிழங்கைச் சட்டியை மூடாமல் அவிக்கவேண்டும் என்று நம் வீடுகளிற் சொல்லப்படுவதும் காரணமற்ற வழக்கமன்று. கிழங்கிலுள்ள நஞ்சு ஆவியாகி வெளியேறுவதற்கு அது வழி.

இவையெல்லாம் அறிவு. எழுத்தறியாத பெண்கள், தலைமுறை தலைமுறையாகக் கையாலும் மூக்காலும் நாவாலும் சோதித்துச் சேர்த்த அறிவு. இலக்கண நூலார் ஒருவரின் சூத்திரத்துக்கு உரையெழுதப் பத்துப்பேர் முன்வந்தார்கள்; பழஞ்சோற்றுச் சட்டியின் சூத்திரத்துக்கு உரைகாரர் வாய்த்திலர். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்ற காலத்தில் இந்தக் குறைபாடு நமது கண்ணிலும் படவில்லை.

மறுபுறத்தில் உலகம் செய்யும் வீண்செலவைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றாடற் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணாக்கப்பட்ட உணவு 105 கோடித் தொன். கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த உணவில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றே குறைவு அது. அதே ஆண்டில் 70 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பசியோடிருந்தார்கள். இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன், மீந்ததை எறியாதே என்ற பாட்டியின் சொல்லைப் பழமை என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் நன்மையே. இனி, நமது கேள்விக்கு வருவோம்.

சில காலத்துக்கு முன் எட்டாந் தர மாணவர்க்குச் 'சிக்கனம்' என்னும் பொருளிற் கட்டுரை எழுதப் பணித்தோம். நாற்பது கொப்பிகள் வந்தன. பெரும்பாலானவை நாம் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களையே நமக்குத் திருப்பித் தந்தன. ஒரு மாணவி மட்டும் தன் வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் பழஞ்சோறு ஒருநாளும் வீணாகாது. அதை அம்மா சாப்பிடுவா." நாம் சிவப்பு மையால் 'சாப்பிடுவா' என்பதை வெட்டிச் 'சாப்பிடுவார்' என்று திருத்தினோம். ஓரத்தில் 'நன்று' என்று எழுதி, அடுத்த கொப்பியை எடுத்தோம்.

அன்று மத்தியானம் வீட்டிற்கு வந்து உணவுக்கு அமர்ந்தபோது அவ்விரு வரிகளும் நினைவுக்கு வந்தன. எமது தாயார் சுடுசோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறினார். "நீங்களும் இருங்கோவன்" என்றோம். "நான் பிறகு சாப்பிடுவன், தம்பி" என்றார். முப்பது ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் விடை அது. அன்று மட்டும் எழுந்து அடுக்களைக்குட் போய்ப் பார்த்தோம். அடுப்படியில் ஒரு சட்டியில் முதல்நாட் சோறு, மேலே ஒரு மூடி, பக்கத்தில் ஒரு கடித்த மிளகாய். அவர் அதில் அரைவாசியை முன்னரே நின்றபடி உண்டிருந்தார். "ஏனம்மா?" என்றதற்கு, "எறியிறதே? எனக்கு இது போதும்" என்றார்.

வீட்டில் எவரும் அவரைப் பழஞ்சோறு உண்ணும்படி கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் பழஞ்சோற்றை உண்பவர் யார் என்று எவரும் கேட்டதுமில்லை. ஒருவரும் கட்டளையிடாமலே ஒருவர் மேல் மட்டும் விழுகின்ற குறைவு எங்ஙனம் வந்தது? வழக்கம் என்னும் போர்வைக்குள் ஒளிந்து வந்தது. நாம் சுடுசோறு உண்டு சிக்கனத்தைப் போற்றினோம். அவர் பழஞ்சோறு உண்டு சிக்கனத்தை நடத்தினார். போற்றியவருக்குப் பெயர்; நடத்தியவருக்குச் சட்டியின் அடி.

இதனோடு மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். எளிய உணவு என்கின்றோம். எவர்க்கு எளிது? முருங்கையிலையை உருவித் துப்புரவாக்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். நெத்து இலை, பழுப்பு, பூச்சிக்கூடு, காம்பு என்று பிரித்தெடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் செல்லும். வெந்து இறங்கும்போது கைப்பிடியளவே மிஞ்சும். வாழைப்பொத்தியின் ஒவ்வொரு பூவிலும் நரம்பை இழுத்து எறிதல் வேண்டும். ஒடியலை இடித்து, மாவை ஊறவைத்துக் கயர்ப்பு நீக்குதல் வேண்டும். சந்தையிற் குறைந்த பணம், அடுக்களையில் உழைப்பாக மாறிவிடுகின்றது. அவ்வுழைப்புக்குக் கூலியில்லை, கணக்கில்லை, பெரும்பாலும் நன்றியுமில்லை. ஆதலின் எளிய சமையலைப் புகழ்வோர், அரிவாளின் முன் தாமும் ஒருநாள் அமர்ந்தபின் புகழ்வாராயின் அப்புகழ்ச்சிக்கு மதிப்பிருக்கும்.

நமது பழைய இலக்கியத்தில் இப்பிரச்சினைக்கு வியக்கத்தக்க ஒளி இருக்கின்றது. வேளை என்பது குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும் ஒரு கீரை. சங்க நூல்களில் இக்கீரை சமைக்கப்படும் இரண்டு இடங்களை இங்கு நோக்குவோம்.

ஒன்று, நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. கூரை இற்று விழுந்து, சுவரிற் காளான் பூத்துக் கிடக்கும் அடுக்களை. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பாலூட்ட வலியின்றிக் குரைக்கின்றது. கிணைப்பறை கொட்டுவோன் மனைவி குப்பையில் முளைத்த வேளையை நகத்தாற் கிள்ளி எடுத்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கின்றாள். வறுமையின் இயல்பறியாதார் கண்டுவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். அடைத்த கதவுக்குள் சுற்றத்தார் அனைவரும் ஒருங்கிருந்து அதனை உண்கின்றார்கள்.

மற்றையது, புறநானூற்றில் 246ஆம் பாட்டு. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகத் துணிகின்றாள். தடுக்க வந்த சான்றோருக்கு, கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு எத்தகையது என்று சொல்கின்றாள். நெய்படாது, நீரினின்றும் கையாற் பிழிந்தெடுத்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு அவித்த வேளைக்கீரை, படுக்கப் பாயின்றிப் பருக்கைக்கல். அவ்வாழ்வினும் தீயே தனக்குக் குளிர்ந்தது என்பது அவள் துணிவு.

கீரை ஒன்றுதான். உப்பில்லாக் கீரையை உண்டவர்கள், புளியிட்ட கீரையை வெறுத்தவளினும் வறியவர்கள். ஆயினும் முன்னைய காட்சியில் நமது உள்ளத்தில் எழுவது இரக்கமும் மதிப்பும். பின்னைய காட்சியில் எழுவது அச்சம். வேறுபாடு எங்கே இருக்கின்றது? அங்கே குறைவு அனைவருக்கும் பொது. ஒரு சட்டியைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். இங்கே அரண்மனை முழுவதும் நெய்ச்சோறு உண்ண, ஒருத்திக்கு மட்டும் பிழிந்த சோறு விதிக்கப்படுகின்றது. விதித்தவர்கள் அதற்கு நோன்பு என்று பெயரிட்டார்கள். சுமத்தப்பட்ட குறைவுக்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டுதல் அன்று தொட்டு வரும் தந்திரமாகும்.

நமது கிராமங்களின் கொல்லைப்புறம் இத்தந்திரத்தின் மற்றொரு முகத்தைக் கண்டது. பழஞ்சோறு என்றதும் பனையோலைப் பிளாவையும் பாட்டியின் கையையும் நினைத்து உருகுவோர் நம்முள் உளர். அதே பழஞ்சோறு, வேலி கட்டவும் விறகு கொத்தவும் வந்த தொழிலாளிக்குச் சாதியின் பெயரால் வளவின் பின்பக்கத்தில் எட்ட நிறுத்தி வார்க்கப்பட்டதையும் நினைத்தல் வேண்டும். வீட்டார்க்குப் பிளா, அவருக்குச் சிரட்டை. உணவு ஒன்றாயிருந்தும் பாத்திரமும் தூரமும் அதனை வேறாக்கின. 'சோறு கொடுத்தோம்' என்று அவ்வீட்டார் தருமக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அவர் உழைப்புக்குரிய கூலியின் ஒரு பகுதியே அது என்பதைக் கணக்கிலெழுத மறந்தார்கள். சிரட்டை போய்விட்டது என்று மகிழலாம். மனப்பான்மை முற்றும் போய்விட்டதா? திருமண மண்டபத்தில் நானூறு பேருக்கு அறுநூறு பேரின் உணவை ஆக்கி, இரவு பத்து மணிக்கு மீந்ததைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு மனநிறைவோடு உறங்குகின்றோம். குப்பைக்குப் போவதிலும் அது நன்று, ஐயமில்லை. ஆனால் பகுத்துண்ணுதலைத் தலையாய அறமாக வைத்த வள்ளுவர் கருதியது இதுவாகாது. பகிர்தல் உண்பதற்கு முன் நிகழ்வது. உண்டு எழுந்தபின் நிகழ்வது அப்புறப்படுத்தல்.

இனி, வீட்டையும் ஊரையும் கடந்து நாட்டைப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கை அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. சிக்கனம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். அவ்வாண்டு ஓகத்து 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் அதற்கு விடையளித்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதிற் கலந்துகொண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்தோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அன்று வீதிக்கு வந்தவர்கள் எளிமையை வெறுத்தவர்கள் அல்லர். எளிமையன்றி வேறெதையும் அறியாதவர்கள். அவர்களிடம் போய் எளிமையைப் போதித்ததே அவர்களைச் சினக்கச் செய்தது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின், 2022இல், அதே பாடத்தை நாம் கண்ணாரக் கண்டோம். எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அடுக்களையில் மீண்டும் விறகடுப்பு. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. காலைக் கூட்டத்திற் பிள்ளைகள் மயங்கி விழுவதைக் கண்டோம். அந்நாள்களில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள், குறைவாய் உண்ணுங்கள் என்ற புத்திமதிகள் மலிந்திருந்தன. பூசணிக் கொடியை நடுவது நல்லதுதான். ஆனால் முன்னைய ஆண்டில் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்த ஆட்சியின் வாயிலிருந்து அச்சொல் வந்தபோது, அது புண்ணில் உப்பாக இருந்தது. இதற்கு மாறாக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஆதர் வீ. டயஸ் என்பவரை எண்ணிப் பார்க்கலாம். பஞ்சம் வரக்கூடும் என்று கருதி நாடெங்கும் பலாமரம் நடுவிக்க முனைந்து, 'கொஸ் மாமா' என்று மக்களாற் பெயர் பெற்றவர் அவர். பசித்தவனுக்குச் சிக்கனத்தைச் சொல்லாமல், பசி வருமுன் மரத்தை நட்டார்.

இவ்விடத்தில் நண்பர் சிலர் நம்மை இடைமறிக்கலாம். "சிக்கனம் என்பதே ஆளுவோர் கற்பித்த பொய்யறம். உழைப்பவன் பழஞ்சோற்றைப் போற்றத் தொடங்கினால் சுடுசோற்றைக் கேட்க மறந்துவிடுவான். ஆதலின் அதனை ஒழித்துவிடுவோம்" என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் முழுவதையும் ஏற்க நாம் உடன்படோம். எவரும் எவரையும் சுரண்டாத சமுதாயம் நாளை அமைந்தாலும், அங்கும் சோறு வானத்திலிருந்து விழப்போவதில்லை. ஒருவர் நாற்று நடவேண்டும், ஒருவர் களை பிடுங்கவேண்டும், ஒருவர் உலையேற்றவேண்டும். அவ்வுழைப்பின் பயனைக் குப்பையிற் கொட்டுதல் எச்சமுதாயத்திலும் இழிசெயலே. மேலும், நம் பெண்கள் வறுமையோடு போராடிச் சேர்த்த அடுக்களை அறிவை, வறுமையோடு சேர்த்து வீசிவிடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும்.

ஆகவே எளிய சமையல் அறமா என்று கேட்பவருக்கு நமது விடை இதுவே. ஆம், அறமே, ஆனால் மூன்று நிபந்தனைகளின்மேல். அதனைப் போதிப்பவர் முதலில் தாம் அதன்படி உண்ணுதல் வேண்டும். அதன் குறைவும் உழைப்பும் வீட்டிலுள்ள அனைவர்க்கும் பங்கிடப்படல் வேண்டும். போதிய உணவைக் கேட்கும் ஒருவனின் வாயை அடைக்க அது பயன்படலாகாது. இம்மூன்றில் ஒன்று குறையினும் அது எவரோ ஒருவரை வஞ்சிப்பதாக முடியும்.

எமது வீட்டில் இன்று என்ன நடக்கின்றது என்று கேட்பின், பெரிதாய் ஒன்றுமில்லை. இரவிற் சோறு மீந்தால் நீர் வார்த்து வைக்கின்றோம். விடுமுறை நாட்காலையில், சிறுபிராயத்திற் பாட்டி குழைத்தது போல, பழஞ்சோற்றையும் முதல்நாட் கறிகளையும் ஒரே சட்டியிற் கொட்டிக் குழைத்து, சுற்றியிருந்து உருண்டை உருண்டையாக உண்கின்றோம். குழைப்பது சிலவேளை நாம். வெங்காயம் உரிப்பது பிள்ளைகள். தாயாரை இருத்துவதற்கு இன்னும் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கின்றது. ஐம்பது ஆண்டு வழக்கம் ஒரு கட்டுரையால் மாறிவிடாது. அவர் இருந்தபின்னும் தமக்கென்று கடைசி உருண்டையையே எதிர்பார்க்கின்றார். முதல் உருண்டையை அவர் கையில் வைக்கும்போது, ஏதோ தவறு நடந்துவிட்டது போல எங்களைப் பார்க்கின்றார்.

அம்மாணவியின் கொப்பியை நாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. 'சாப்பிடுவார்' என்று மரியாதை விகுதியைச் சேர்த்ததோடு நமது கடமை முடிந்தது என்று அன்று எண்ணினோம். அவ்விகுதிக்குரிய மரியாதையை அந்தத் தாய்க்கு அடுக்களையில் யார் கொடுப்பது என்ற கேள்வியை ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த தவணையில் அதே தலைப்பை மீண்டும் கொடுக்க எண்ணியிருக்கின்றோம். இம்முறை தலைப்போடு ஒரு வினாவையும் கரும்பலகையில் எழுதுவோம்: உங்கள் வீட்டிற் பழஞ்சோறு உண்பவர் யார்?